பிள்ளையின் ஹக்கை யார் விட்டுக்கொடுப்பது?

 



தலாக், குலா பற்றி நம் ஜும்ஆ மேடைகளில் நிறையப் பேசியிருக்கிறோம். கணவனின் கடமை என்ன, மனைவியின் உரிமை என்ன, மஹர் திரும்புமா, இத்தா எத்தனை நாள் என்பதெல்லாம் ஓரளவுக்கு நம் மக்களுக்குத் தெரியும். ஆனால் மஹல்லா அலுவலகத்தில் இரு குடும்பத்தாரும் எதிரெதிரே அமர்ந்திருக்கும்போது, அந்த அறையில் மூன்றாவதாக ஒரு கட்சிக்காரர் இருக்கிறார். அவருக்காகப் பேச யாரும் வருவதில்லை. பெரும்பாலும் பாட்டியின் மடியில் தூங்கிக்கொண்டிருப்பார். அல்லது வாசலில் விளையாடிக்கொண்டிருப்பார்.

சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், நான் வேறோர் ஊரில் இமாமாகப் பணியாற்றிய காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தம்பதியரிடையே ஒத்துவரவில்லை. பெண் குலா கேட்டாள். பலமுறை பேசியும் கணவர் இறங்கிவரவில்லை. கடைசியில் பெரியவர்கள் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: மஹரைத் திருப்பித் தந்துவிட வேண்டும்; பிள்ளை தாயிடம் இருக்கும்; பிள்ளையின் செலவுக்கென்று எக்காலத்திலும் எதுவும் கேட்பதில்லை எனத் தாய் எழுதித் தர வேண்டும். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதப்பட்ட அந்த வாசகத்தைச் சபையில் வாசித்தவன் நான்தான். சாட்சிக் கையெழுத்தும் இட்டேன். மூன்று வயதுப் பையன் வாசலில் கிடந்த எங்கள் செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கிக்கொண்டிருந்தான். பிரச்சினை சுமுகமாக முடிந்தது என்று எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக் கலைந்தோம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து ரமளானில் அந்தப் பெண்ணின் தாயார் வந்தார். பையனைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். ஜகாத் நிதியிலிருந்து ஏதாவது உதவி கிடைக்குமா என்று கேட்டார். தந்தையாரிடம் கேட்டீர்களா என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஹஜ்ரத், கேக்கக் கூடாதுன்னு எழுதின அந்தக் காகிதத்தை நீங்கதானே வாசிச்சீங்க?" என்றார். அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அன்று இரவு கிதாபுகளை எடுத்துப் பார்த்தேன். இரண்டு இடங்களில் நான் தவறியிருந்தேன். ஓதிய காலத்தில் படித்த பாடங்கள்தாம்; சபையில் அமர்ந்தபோது நினைவுக்கு வரவில்லை. அவற்றை நான் மறைக்கவில்லை. நம் ஊர்களில் இன்றும் இத்தகைய காகிதங்கள் எழுதப்படுகின்றன என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலாவது, ஜகாத். அந்தப் பையனின் தந்தைக்கு இரண்டு கடைகள் இருந்தன. வசதியுள்ள தந்தையின் சிறுபிள்ளை, தந்தையின் வசதியைக் கொண்டு வசதியுள்ளவனாகவே கருதப்படுவான். அவனுக்கு ஜகாத் கொடுத்தால் நிறைவேறாது என்பது ஹனஃபி மத்ஹபின் தெளிவான சட்டம். ஏழையான தாய் தனக்காகப் பெறுவது வேறு விஷயம், அதற்குத் தடையில்லை. ஆனால் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் என்று சொல்லி ஜமாஅத் கொடுக்கும்போது, உண்மையில் யாருடைய சுமையை இறக்கிவைக்கிறோம்? கடைக்காரரின் சுமையை. ஏழைகளின் பங்கிலிருந்து ஒரு வசதிக்காரரின் கடமையை நாம் அடைத்துக்கொண்டிருக்கிறோம். சமூக சேவை என்று இதற்குப் பெயரும் வைத்திருக்கிறோம்!

இரண்டாவது, அந்தக் காகிதமே.

சகோதரர்களே! பிள்ளையின் உணவு, உடை, உறைவிடம் ஆகியவற்றுக்கான செலவை மார்க்கம் 'நஃபகா' என்று அழைக்கிறது. அல்பகரா அத்தியாயத்தின் 233 ஆம் வசனம் பால்குடிக் காலத்தைப் பற்றிப் பேசும்போது, தாய்க்கு முறைப்படி உணவும் உடையும் வழங்கும் பொறுப்பைத் தந்தையின் மீது வைக்கிறது. பிள்ளையைக் காரணமாக்கித் தாயையோ தந்தையையோ துன்புறுத்தக் கூடாது என்றும் அதே வசனம் தடுக்கிறது. அத்தலாக் அத்தியாயத்தின் 6 ஆம் வசனமோ, தலாக் சொல்லப்பட்ட பெண் அவருடைய பிள்ளைக்குப் பாலூட்டினால் அதற்குக் கூலி கொடுக்கும்படி கட்டளையிடுகிறது. பெற்ற தாய்தானே, சும்மா ஊட்டட்டும் என்று இறைவன் விட்டுவிடவில்லை. அபூஸுஃப்யான் (ரலி) செலவுக்குப் போதிய அளவு தருவதில்லை என்று ஹிந்த் (ரலி) முறையிட்டபோது, தமக்கும் பிள்ளைக்கும் நியாயமான அளவில் போதுமானதை அவருடைய பொருளிலிருந்து எடுத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி இது.

இவற்றிலிருந்து நம் இமாம்கள் எடுத்த சட்டம் யாதெனில், சொந்தச் சொத்து இல்லாத சிறுபிள்ளையின் செலவு தந்தையையே சாரும். ஹனஃபி சட்டப்படி தாய் செல்வச் சீமாட்டியாக இருந்தாலும் கடமை தந்தையுடையதே. தந்தை வறியவராக இருந்து தாயிடம் பொருள் இருந்தால் அவர் செலவழிக்க வேண்டும். ஆனால் அது தந்தையின் மேல் கடனாக நிற்கும். ஆண்பிள்ளைக்குச் சம்பாதிக்கும் ஆற்றல் வரும்வரை, பெண்பிள்ளைக்குத் திருமணம் ஆகும்வரை இந்தக் கடமை நீடிக்கும். தாயோடு ஏற்பட்ட சண்டை, தாய் கேட்ட குலா, அவள் பேசிய பேச்சு எதுவும் இதில் ஒரு பைசாவைக் குறைக்காது.

அப்படியானால் தாய் எழுதிக்கொடுத்தது? குலாவுக்கு ஈடாகக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிள்ளையின் செலவைத் தாய் ஏற்றுக்கொள்வதை ஹனஃபி ஃபிக்ஹ் நூல்கள் அனுமதிக்கின்றன என்பது உண்மைதான். சபையில் இந்தப் பாதி மட்டும் எடுத்துச் சொல்லப்படுகிறது. மறுபாதி யாருக்கும் நினைவிருப்பதில்லை. தாயால் இயலாமல் போனால் தந்தையே செலவழிக்கக் கட்டாயப்படுத்தப்படுவார்; அவர் கொடுத்தது பின்னால் தாய் தீர்க்க வேண்டிய கடனாகும். ஏன் இப்படி? ஒப்பந்தம் இரண்டு பெரியவர்களுக்கு இடையிலுள்ளது. பிள்ளையின் பசி அதில் கையெழுத்திடவில்லை. 'எக்காலத்திலும் எதுவும் கேட்பதில்லை' என்ற வாசகம் தாயின் வாயைக் கட்டலாம்; பிள்ளையின் ஹக்கைக் கட்டாது.

இதைவிடத் தெளிவானது வளர்ப்புரிமை பற்றிய சட்டம். அரபியில் 'ஹளானா' என்பார்கள். பிள்ளையை என்னிடம் விட்டுவிடு, குலா தருகிறேன் என்று கணவன் நிபந்தனை இட்டு, தாய் ஒப்புக்கொண்டால் என்னவாகும்? குலா செல்லும், நிபந்தனை செல்லாது. ஏனெனில் சிறு வயதில் தாயின் அரவணைப்பில் இருப்பது பிள்ளையின் உரிமை. பிறருடைய உரிமையை விலையாகக் கொடுக்க முடியாது. இந்த ஒரு வரிச் சட்டத்தை நம் நிர்வாகிகள் அறிந்திருந்தால் எத்தனையோ தாய்மார்கள் பிள்ளையா, விடுதலையா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலைக்கு ஆளாகியிருக்கமாட்டார்கள்.

உமர் (ரலி) அவர்களின் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சியை இமாம் மாலிக் (ரஹ்) முவத்தாவில் பதிவு செய்துள்ளார்கள். உமர் (ரலி) அவர்களுக்கு அன்ஸாரிப் பெண் ஒருவர் மூலம் ஆஸிம் என்ற மகன் இருந்தார். பின்னர் அந்த மனைவியைப் பிரிந்துவிட்டார்கள். ஒருநாள் குபாவுக்குச் சென்றபோது பள்ளிவாசலின் முற்றத்தில் மகன் விளையாடிக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். பாசம் பொங்கியது. கையைப் பிடித்துத் தூக்கித் தம் வாகனத்தில் முன்னால் அமர்த்திக்கொண்டார்கள். பிள்ளையின் பாட்டி ஓடிவந்து தடுத்தார். இருவரும் வழக்கை அபூபக்ர் (ரலி) அவர்களிடம் கொண்டுசென்றார்கள். இருவருமே, இவன் என் பிள்ளை என்றார்கள். அந்த மூதாட்டியிடமே பிள்ளையை விட்டுவிடும்படி கலீஃபா தீர்ப்பளித்தார்கள். உமர் (ரலி) ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசவில்லை.

எவருக்கும் அஞ்சாத உமர்! எதிரில் நின்றவரோ ஒரு பாட்டி! நம் பஞ்சாயத்துகளில் யார் குரல் ஓங்குகிறது என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். (அன்று பாட்டியோடு திரும்பிப் போன அந்த ஆஸிமின் மகள்தான் பிற்காலத்தில் உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களைப் பெற்றெடுத்தார்.)

வயது வரம்பில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. ஹனஃபி வழக்கில் ஆண்பிள்ளை ஏழு வயதுவரையும், பெண்பிள்ளை பருவமடையும்வரையும் தாயிடம் இருப்பர். பெண்பிள்ளைக்கு ஒன்பது வயது என்ற கருத்தும் இருக்கிறது. ஷாஃபியீ மத்ஹபில் விவரம் அறியும் வயது, அதாவது ஏறத்தாழ ஏழு வயது வந்ததும் பிள்ளையிடமே கேட்கப்படும். தாயும் தந்தையும் ஒரு சிறுவனுக்காக வாதிட்டபோது நபி (ஸல்) அவர்கள் அவனையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அவன் தாயின் கையைப் பற்றிக்கொண்டான் என்ற அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பு இதற்கு ஆதாரம். தாய் மறுமணம் செய்தால் உரிமை போய்விடும் என்பதை மட்டும் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். பிள்ளைக்கு அந்நியரான ஒருவரை மணந்தால்தான் அந்தச் சட்டம். அப்போதும் பிள்ளை நேராகத் தந்தையிடம் போய்விடுவதில்லை. தாயின் தாய், தந்தையின் தாய், சகோதரிகள் என்று ஹனஃபியில் ஒரு வரிசை இருக்கிறது. உஹதில் ஷஹீதான ஹம்ஸா (ரலி) அவர்களின் மகளுக்காக அலீ, ஜஅஃபர், ஸைத் (ரலி) மூவரும் வாதிட்டபோது, சிறுமியின் சின்னம்மா ஜஅஃபரின் மனைவியாக இருந்ததால் அங்கேயே அவளை ஒப்படைத்தார்கள் நபி (ஸல்) அவர்கள். தாயின் சகோதரி தாயின் இடத்தில் இருப்பவர் என்று காரணமும் சொன்னார்கள்.

தாய்மார்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வளர்ப்புரிமை தாயிடம் இருப்பதால் தந்தை முகத்தைப் பார்க்கவிடாமல் தடுக்க உரிமை வந்துவிடாது. பணம் அனுப்பவில்லை, ஆகவே பிள்ளையைக் காட்டமாட்டேன் என்பதும், பிள்ளையைக் காட்டவில்லை, ஆகவே பணம் அனுப்பமாட்டேன் என்பதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். பிள்ளை தந்தையிடம் போன பிறகும் தாயைப் பார்க்கவிடாமல் தடுக்கத் தந்தைக்கு உரிமை இல்லை. பெற்றோர் இருவரையும் சந்திப்பதும் பிள்ளையின் ஹக்குதான். பெருநாளன்று புதுச்சட்டை போட்டுக்கொண்டு வாப்பா வருவார் என்று திண்ணையில் காத்திருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். தெருமுனைவரை வந்து திருப்பி அனுப்பப்பட்ட வாப்பாவையும் பார்த்திருக்கிறேன்.

இனி நாட்டுச் சட்டம். மார்க்கம் ஒன்று சொல்கிறது, கோர்ட் வேறொன்று சொல்கிறது என்று நம்மவர்கள் அஞ்சுகிறார்கள். பிள்ளையின் செலவைப் பொறுத்தவரை அந்த அச்சம் தேவையற்றது.

1986 ஆம் ஆண்டு முஸ்லிம் பெண்கள் சட்டம் வந்தபோது, பிள்ளை பிறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு முன்னாள் கணவர் செலவு தர வேண்டும் என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. இரண்டு வயதோடு தந்தையின் கடமை முடிந்தது என்று சிலர் வாதிடத் தொடங்கினார்கள். பீகாரைச் சேர்ந்த நூர் சபா காத்தூன் வழக்கு இதில்தான் எழுந்தது. இரண்டு பெண், ஓர் ஆண் என மூன்று சிறு பிள்ளைகள். பிள்ளைக்கு மாதம் 150 ரூபாய் வீதம் கீழ்நீதிமன்றம் விதித்திருந்தது. தந்தை தலாக் சொன்னபின், இரண்டு வயதுக்கு மேல் தர வேண்டியதில்லை என்ற வாதம் உயர்நீதிமன்றத்தில் எடுபட்டது. 1997 ஜூலையில் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. அந்த இரண்டு ஆண்டு என்பது பாலூட்டி வளர்க்கும் தாய்க்கென உள்ளது. பிள்ளையின் ஜீவனாம்ச உரிமை தனியானது. பருவ வயதை எட்டும்வரை, அல்லது அதற்கு முன்பே தம்மைத் தாமே பராமரிக்கும் நிலை வரும்வரை பிள்ளைகளுக்கும், திருமணம்வரை பெண்பிள்ளைக்கும் அது உண்டு என்று தீர்ப்பளித்தது. தாயின் வழக்கு வேறு, பிள்ளையின் வழக்கு வேறு என்ற இந்தத் தீர்ப்பை வாசித்தபோது, நம் ஃபிக்ஹ் பாடத்தையே வேறு மொழியில் வாசிப்பது போலிருந்தது எனக்கு.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125 ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144 ஆவது பிரிவாக இருக்கிறது. குடும்ப நல நீதிமன்றம் உள்ள இடத்தில் அங்கும், இல்லாத இடத்தில் நீதித்துறை நடுவர் மன்றத்திலும் மனுக் கொடுக்கலாம். மாதம் 500 ரூபாய்க்கு மேல் இல்லை என்ற பழைய உச்சவரம்பு 2001 இலேயே நீக்கப்பட்டுவிட்டது. வழக்கு நடக்கும்போதே இடைக்காலத் தொகை கேட்கலாம். இரு தரப்பும் தங்கள் வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2020 நவம்பரில் ரஜ்னேஷ் வழக்கில் கட்டளையிட்டது. கடை தம்பி பெயரில் இருக்கிறது என்ற கதை இப்போது அவ்வளவு எளிதில் செல்லாது. உத்தரவிட்ட பிறகும் தக்க காரணமின்றித் தராதவருக்குச் சிறைத்தண்டனை விதிக்க இடமுண்டு. நிலுவையை ஓராண்டுக்குள் கேட்டு மனுப் போட வேண்டும். இதைத் தெரியாமல் பல பெண்கள் தொகையை இழந்திருக்கிறார்கள்.

நம் பகுதிக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1960 ஏப்ரலில்தான் திருத்தணி ஆந்திரத்திலிருந்து பிரிந்து நம் மாநிலத்தோடு சேர்ந்தது. கோடு மாறியது, உறவுகள் மாறவில்லை. மணவூரில் பெண் எடுப்பவர் நகரியில் இருப்பார். இங்குள்ளவரின் மருமகள் புத்தூரிலிருந்து வந்திருப்பார். பிரிவு வந்தால், அவர் ஆந்திரா, நாங்கள் தமிழ்நாடு, எங்கே போய் வழக்காடுவது என்று பெண் வீட்டார் கைவிட்டுவிடுகிறார்கள். அலைய வேண்டியதில்லை. ஜீவனாம்ச மனுவை மனைவி வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். பிள்ளையின் பொறுப்பு பற்றிய மனுவை, 1890 ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி, பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றமே விசாரிக்கும். அங்கே பிள்ளையின் நலனே முதன்மை. விவரமறிந்த பிள்ளையின் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம். தாய் மறுமணம் செய்துகொண்டார் என்ற ஒன்றை மட்டும் வைத்து நீதிமன்றங்கள் முடிவெடுப்பதில்லை.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பார்கள். 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவிடம் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும்.

தந்தை இறந்துவிட்டாலோ, உண்மையிலேயே வழியற்றவராக இருந்தாலோ என்ன செய்வது? அங்கேதான் ஜமாஅத்தின் ஜகாத்தும் ஸதகாவும் முன்னால் வர வேண்டும். ஆனால் நம்மிடம் ஒரு வழக்கம் இருக்கிறது: தாய் உயிரோடு இருக்கும்போதே பிள்ளையைத் தொலைவிலுள்ள யதீம்கானாவில் சேர்த்துவிடுவது. சோறும் கல்வியும் கிடைக்கும், மறுக்கவில்லை. தாயின் மடி கிடைக்காது. விடுதியில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வைத்திருக்கிறது. அத்தகைய இல்லங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. விதவை, கைவிடப்பட்ட பெண் ஆகியோரின் பிள்ளைகள் வீட்டிலேயே வளர்வதற்காக, மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க ஒவ்வொரு பள்ளிவாசலிலும் படித்த இளைஞர் ஒருவர் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் அரைமணி நேரம் உட்கார்ந்தால் எவ்வளவோ நலம்.

1989 இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையின் 20 ஆம் விதி, ஆதரவற்ற பிள்ளைகளுக்கான மாற்று ஏற்பாடுகளில் நம் 'கஃபாலா'வைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இந்தியா 1992 டிசம்பரில் அதை ஏற்றது. உலகம் நம் சொல்லை எடுத்துத் தன் ஏட்டில் எழுதியிருக்கிறது. நாம் முத்திரைத்தாளில் வேறு எதையோ எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அந்த மூதாட்டி கேட்ட நாளுக்குப் பின், பையனின் தந்தையிடம் நானே போனேன். நான் வாசித்த காகிதம் மார்க்கப்படி உங்கள் கடமையை நீக்கவில்லை, தவறு என்னுடையது என்றேன். முதலில் கடிந்துகொண்டார். மூன்றாவது முறை போனபோது பள்ளிக் கட்டணத்தைக் கொடுத்தார். மாதச் செலவுக்கு இணங்கவில்லை. அதற்கு அவர்கள் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

இப்போது என் முன்னால் வரும் ஒப்பந்தங்களில், பெற்றோரின் கணக்கு முடிந்தபின் பிள்ளைக்கெனத் தனித்தாள் போடச் சொல்கிறேன். மாதத் தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள், பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் யாருடையது, ஆண்டுதோறும் எவ்வளவு கூட்ட வேண்டும், தந்தை எந்தக் கிழமைகளில் எந்த வீட்டில் பிள்ளையைச் சந்திப்பார், இரு பெருநாளில் எது யாரோடு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இனி கேட்பதில்லை என்ற வாசகம் அந்தத் தாளில் வந்தால் நான் சாட்சியாகக் கையெழுத்திடுவதில்லை. ஜமாஅத் தாள் நீதிமன்ற உத்தரவுக்கு ஈடாகாது என்பதையும் இரு தரப்புக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பணத்தை வங்கிக் கணக்கிலேயே செலுத்தச் சொல்கிறேன். கையில் கொடுத்தால், கொடுத்தேன், வாங்கவில்லை என்று மறுபடியும் பள்ளிவாசல் அலுவலகத்துக்குத்தான் வருகிறார்கள்.